அசுகுணி ஏன் மருந்துக்குக் கேட்பதில்லை

மார்கழிப் பனியில் அவரை பூக்கிற நேரம் பார்த்துத்தான், செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சியான அசுகுணியும் வரும். பாப்பாரப்பட்டிப் பக்கம் சித்தப்பாவின் மானாவாரிக் காட்டில், ராகி அறுத்த பிறகு சாலில் நிற்கிற அவரைக் கொடிகளின் நுனியைப் பார்த்தால் தண்டே தெரியாது. கறுப்பாக அப்பியிருக்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும். எறும்புகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும்.

"மூணு தடவை அடிச்சாச்சுப்பா, மருந்துக்கே கேக்க மாட்டேங்குது" என்றார் சித்தப்பா. அதுவரை சரி. அடுத்து "பழகிப் போச்சு அதுக்கு" என்றார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

எந்த அசுகுணியும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகிக்கொள்வதில்லை. சாராயம் பழகுவது போன்ற கதை அல்ல இது. லட்சக்கணக்கில் அப்பியிருக்கும் கூட்டத்தில், மருந்து வருவதற்கு முன்பே, அதைத் தாங்கும் உடல்வாகு கொண்டவை ஒன்றிரண்டு இருந்திருக்கும். மற்றவை செத்ததும் காடு முழுக்க அவற்றுக்கே சொந்தம்.

ஒன்றிரண்டு எப்படி ஒரு மாதத்தில் கொடியை மூடும்? அசுகுணிக்கு ஆண் தேவையில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் ஒருமுறை ஆணும் பெண்ணும் கூடி முட்டை வைக்கும். நம்மூர் வெயிலில் அந்தச் சடங்கும் பெரும்பாலும் கிடையாது. பெண் நேரடியாகக் குட்டி போடும். பிறக்காத மகளின் வயிற்றிலேயே பேத்தி உருவாகத் தொடங்கியிருப்பாள். பிறந்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். அந்தக் குட்டி தாயின் அச்சு. சந்தூர்ப் பக்கம் நர்சரியில் வாங்கும் மாங்கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவருகிறதே, அதே கணக்கு. கொட்டை போட்டு முளைத்த மரம் எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது, ஒட்டுக்கன்று அப்படியில்லை. மருந்தைத் தாங்கிய ஒரு தாய் போடும் குட்டி அத்தனையும் மருந்தைத் தாங்கும். நாம் அடிக்கிற ஒவ்வொரு டேங்க்கும் ஒரு வகையில் களையெடுப்புதான். என்ன, பிடுங்கி எறிவது மருந்துக்குக் கேட்கிற பூச்சியை!

சரி, தாங்குவது என்றால் உடலுக்குள் என்ன நடக்கிறது? இதைத் துருவிப் பார்த்தவர்கள் அதிகம் ஆராய்ந்தது நம் அவரையின் கறுப்பு அசுகுணியை அல்ல. அதன் பங்காளியான பச்சை பீச் அசுவினியை (அசுவினி என்பதும் அசுகுணிதான், பெயர்தான் வேறு). உருளைக்கிழங்கு, புகையிலை, கோஸ், மிளகாய் என்று 400-க்கும் மேற்பட்ட செடிகளில் வாழக்கூடியது. 70-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்கு அது தண்ணி காட்டியிருக்கிறது.

அதன் முதல் தந்திரம் பஞ்சு மாதிரி. எஸ்டரேஸ் என்ற நொதி, பழைய ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை நரம்புக்குப் போகும் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லா அசுவினியிடமும் இந்த நொதி உண்டு, அளவுதான் வேறு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தினர் பார்த்தபோது, தாங்கும் அசுவினிகளில் இந்த நொதிக்கான மரபணு 80 நகல்கள் வரைகூடப் பெருகிக் கிடந்தது. இரண்டாவது தந்திரம் பூட்டை மாற்றுவது. மருந்து நரம்பில் போய் ஒட்டவேண்டிய புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், சாவி சேராது. பைரித்ராய்டு மருந்துகளிடமிருந்து இப்படித்தான் தப்பிக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கதை. அது புகையிலையில் தொடங்குகிறது.

புகையிலையை ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் கலந்து செடிக்குத் தெளிப்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதில் கொல்வது நிக்கோட்டின். புகையிலைச் செடி அதை நமக்காகத் தயாரிக்கவில்லை, தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்காகத் தயாரிக்கிறது. பூச்சியின் நரம்பில் சேதி வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்து, மணி அடிப்பதை நிறுத்தாமல் அடிக்க வைக்கும். பூச்சி துடித்துச் சாகும். 1991-இல் சந்தைக்கு வந்த இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கொல்வதும் அதே இடத்தில் உட்கார்ந்துதான். அந்தக் குடும்பத்துக்கே நியோநிக்கோட்டினாய்டு, அதாவது புது நிக்கோட்டின் வகை, என்றுதான் பெயர்.

ஆனால் பச்சை பீச் அசுவினியில் ஒரு கிளை ஏற்கெனவே புகையிலையில் குடியேறிவிட்டது. அங்கே பிழைக்க வேண்டுமானால் நிக்கோட்டினைச் சிதைத்தாக வேண்டும். அதற்குப் பி450 வகை நொதி ஒன்றின் மரபணு அதன் உடலில் பல நகல்களாகப் பெருகியிருந்தது. 2013-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: புகையிலை நிக்கோட்டினுக்காகப் பெருகிய அதே நொதி இமிடாகுளோபிரிட்டையும் ஒரு கை பார்க்கிறது. கம்பெனி ஆய்வகத்தில் அந்த மருந்து பிறப்பதற்கு முன்பே அதற்கான மாற்று அசுவினி கையில் இருந்தது. அதைப் பழக்கிவிட்டது யார் என்று சித்தப்பா கேட்டால் புகையிலைச் செடியைத்தான் காட்டுவேன். நாம் மருந்து அடிக்கத் தொடங்கி நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கலாம். செடிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருக்கின்றன.

கடுகை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கடுகை வாயில் போட்டு விழுங்கினால் காரம் தெரியாது. ஆவக்காய்க்காக அதைப் பொடித்து ஈரம் பட்டதும் மூக்கில் ஏறும். காரத்தின் மூலப்பொருள் ஒரு அறையிலும் அதை வெடிக்க வைக்கும் நொதி இன்னொரு அறையிலும் இருக்கின்றன; இடித்தால்தான் இரண்டும் சேரும். கோஸும் அதே குடும்பம். இலையைக் கடித்து மெல்லும் புழுவுக்கு இந்த வெடி பொருந்தும். அசுவினி மெல்லுவதில்லையே! மயிரைவிட மெல்லிய ஊசியைச் செல்களுக்கு நடுவே நுழைத்து, வளைத்து வளைத்து, சர்க்கரைச் சாறு ஓடும் குழாயைத் தேடிப் போகிறது. வெடி வெடிப்பதேயில்லை. கோஸ் அசுவினி இதற்கும் ஒரு படி மேல். காரத்தின் மூலப்பொருளைச் சாற்றோடு உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. நொதியைத் தானே தயாரித்துத் தசையில் வைத்திருக்கிறது. அதைப் பொறிவண்டின் குட்டி கடித்தால் கடுகு வெடிக்கும். செடியிடம் திருடிய துப்பாக்கி.

குழாயைத் தொட்டதும் செடி சும்மா இருப்பதில்லை. துளை விழுந்த இடத்தில் கால்சியம் பாயும். உடனே புரதம் உப்பிக் குழாயை அடைக்கும், நமக்கு ரத்தம் உறைவது போல. அவரை, தட்டைப்பயறு குடும்பத்தில் இதற்கென்றே சுருங்கி விரியும் புரதக் கட்டிகள் உண்டு. அசுவினி என்ன செய்கிறது? எச்சிலைத் துப்புகிறது. எச்சிலில் உள்ள புரதங்கள் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, அடைப்பு மறுபடி சுருங்கித் திறந்துவிடுகிறது. அப்புறம் அது உறிஞ்சக்கூட வேண்டாம். குழாயில் இருக்கும் அழுத்தம் கார் டயரைவிடப் பல மடங்கு. சாறு தானே ஏறும். அளவுக்கு மீறி ஏறிய சர்க்கரைதான் பின்புறமாகச் சொட்டி, நம் விரலில் ஒட்டி, எறும்பைக் கூப்பிடுகிறது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்பவர்களுக்கு: அசுவினியின் முதுகில் மயிரினும் மெல்லிய தங்கக் கம்பியை வெள்ளிப் பசையால் ஒட்டி, செடியின் மண்ணில் இன்னொரு கம்பியைச் செருகி, சிறு மின்சாரம் விடுவார்கள். ஊசி உள்ளே போனால் சுற்று முழுமையாகும். எந்த இடத்தில் குத்துகிறது என்பதை அலையின் வடிவம் சொல்லும். இவ்வளவு பொறுமை நமக்கு வராது.

செடி ஜெயித்த கதையும் உண்டு. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து 1940-களில் ஒரு மரபணுவை நாட்டுத் தக்காளிக்குக் கொண்டுவந்தார்கள், வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்க. அதே மரபணு ஒரு வகை அசுவினியையும் தடுக்கிறது என்பது 1998-இல்தான் தெரிந்தது. பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்காரர்கள் சந்தோஷப்படுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் நூற்புழுவைத் தடுக்கும் அதன் வேலை நின்றுவிடும். நம்மூர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்.

வேறு ஒரு முயற்சி. அசுவினியை எதிரி பிடித்தால் முதுகுக் குழல்களிலிருந்து ஒரு வாசனையை விடும். பக்கத்தில் இருப்பவை கீழே குதிக்கும். பொலிவியாவின் காட்டு உருளைக்கிழங்கு ஒன்று இதே வாசனையை இலைமயிரிலிருந்து விட்டு அசுவினியை விரட்டுகிறது. அந்த வாசனையை விடும் கோதுமையை ராதம்ஸ்டட்டில் மரபணு மாற்றி உருவாக்கி 2012, 2013-இல் வயலில் விதைத்தார்கள். ஆய்வகத்தில் ஓடிய அசுவினி வயலில் ஓடவில்லை. ஓயாமல் "புலி, புலி" என்றால் யார்தான் ஓடுவார்கள்?

இந்த வாசனை விஷயத்தில் சித்தப்பாவுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. மருந்தைத் தாங்கும் பச்சை பீச் அசுவினிகளில் சில இந்த அபாய வாசனைக்கு மந்தமாகவே அசைகின்றன. தாங்கும் உடல்வாகுக்கு அது கொடுக்கும் விலை அது. அசுவினியின் உடலுக்குள்ளேயே முட்டை வைக்கிற பொடிக் குளவி வரும்போது இவை எளிதில் மாட்டுகின்றன. மருந்து இல்லாத வயலில் இவற்றின் கூட்டம் குறைவதற்கு இப்படியும் ஒரு காரணம். ஆனால் நாம் மறுபடி அடிப்பது பெரும்பாலும் அந்தக் குளவியையும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். சித்தப்பா நம்பவில்லை. வீட்டிலிருந்த மூன்று பாட்டில்களை எடுத்துவந்தார். மூன்றுக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு படம். பின்னால் பொடி எழுத்தில் பார்த்தால் மூன்றிலும் இமிடாகுளோபிரிட். "மருந்தை மாத்தி மாத்தித்தானே அடிச்சேன்" என்று அவர் சொன்னது பொய்யில்லை, கடையில் மாற்றித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்ப இது எப்படிச் செத்துச்சாம்?" என்று ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கூட்டத்துக்கு நடுவே ஏழெட்டு மட்டும் வைக்கோல் நிறத்தில், உப்பி, இலையோடு ஒட்டிக் கிடந்தன. மருந்து கொஞ்சமாவது வேலை செய்ததற்கு அவர் வைத்திருந்த சாட்சி. பூதக்கண்ணாடியை அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வட்டமாக, கத்தரித்து எடுத்தது போல, ஒரு சின்ன ஓட்டை. உள்ளே வளர்ந்த குளவி அசுகுணியைத் தின்று முடித்துவிட்டு அந்த வழியாகத்தான் வெளியே போயிருந்தது. ஒன்றில் மட்டும் ஓட்டை இன்னும் விழவில்லை. சித்தப்பா அந்த இலையைக் கிள்ளாமல் விட்டார்.