படிகத்தின் துடிப்பும் நம் துடிப்பும்

வாட்ச் ரிப்பேர் கடையில் செல் மாற்றுவதற்காகப் பின்மூடியைத் திறக்கும்போது எட்டிப் பாருங்கள். செல்லுக்குப் பக்கத்தில், அரிசிமணி போல ஒரு வெள்ளி நிறக் குழாய் தெரியும். அதற்குள் இருப்பது இரண்டு கால் கொண்ட கவையாக வெட்டிய குவார்ட்ஸ் படிகம். ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் அந்தக் குழாயிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பேன்.

மின்சாரம் பட்டால் குவார்ட்ஸ் அதிரும். இந்தக் கவை நொடிக்கு 32,768 முறை அதிரும் அளவுக்கு வெட்டப்பட்டிருக்கும். அது என்ன கணக்கு? ஒன்றில் தொடங்கி 15 முறை இரட்டித்தால் 32,768 வரும். அதையே 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். பாதியாக்கும் வேலையை ஒரு சில்லு செய்கிறது. மிஞ்சிய துடிப்பு குட்டி மோட்டார் ஒன்றை அரைச் சுற்று தள்ள, நொடிமுள் ஓர் அடி நகர்கிறது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் செய்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அஸ்ட்ரான்தான் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். இன்று அதே நுட்பம் சில நூறு ரூபாய்க்குப் பேருந்து நிலையக் கடையில் தொங்குகிறது.

சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு ஏறக்குறைய 15 நொடி முன்பின்னாகப் போகலாம், அவ்வளவுதான். அதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி உண்டு. இந்தப் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் ஒழுங்காக அதிரும். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 55 டிகிரியில் வாட்சை விட்டுவிட்டால் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டரை நொடி பின்தங்கும். கையில் கட்டியிருந்தால் நம் உடம்புச் சூடே அதை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறது. கட்டியவருக்கு அது நேரம் காட்டுகிறது, அவர் அதைச் சரியாக ஓட வைக்கிறார்.

சரி, ஸ்மார்ட் வாட்ச்? அதற்குள்ளும் பெரும்பாலும் அதே 32,768 கணக்குதான். அவ்வப்போது போன் வழியாக நேரத்தைத் திருத்திக்கொள்வதால் பிசகு சேர்வதில்லை. ஆனால் மின்சாரம் தின்பதில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாதாரண வாட்சின் செல்லில் சுமார் 28 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும், இரண்டு வருடம் ஓடும். ஸ்மார்ட் வாட்சில் 300 இருந்தும் பல மாடல்களுக்கு ஒரு நாள்தான் தாங்கும். கணக்குப் போட்டால் சராசரி மின்னோட்டம் ஏழாயிரம் மடங்குக்கு மேல். நேரம் பார்க்க மட்டும் இவ்வளவு செலவா என்றால், நிச்சயம் வீண்.

அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு போவது பின்பக்கப் பச்சை விளக்குக்கு. ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமே அது பச்சை ஒளியை நன்றாக விழுங்கிவிடுவதுதான். இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் பச்சை ஒளி கொஞ்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளி உணரி கவனித்து எண்ணுகிறது. பழைய வாட்ச் படிகத்தின் துடிப்பை எண்ணியது, இது நம்முடையதையும் சேர்த்து எண்ணுகிறது. வாங்கலாமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்யலாம் என்பது என் எண்ணம்.

எண்ணுவது எப்போதும் சரியாக வராது. கை ஆடினால், ஸ்ட்ராப் தளர்ந்தால், குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கினால், பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினால் கணக்குத் தடுமாறும். உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் வரும் எண்களைத்தான் நான் நம்புவேன்.

மருத்துவப் பயன் இல்லாமல் இல்லை. ஆப்பிள் வாட்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். நாடி சீராக இல்லை என்ற எச்சரிக்கை 2,161 பேருக்கு வந்தது. பிறகு மார்பில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பதிவு அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. இது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது, பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய கோளாறு. பலருக்கு வந்து வந்து போவது என்பதால் டாக்டர் முன் உட்காரும் நேரத்தில் அகப்படாமல் போகலாம். நாள் முழுக்கக் கையில் இருக்கும் கருவிக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆனால் மாரடைப்பைப் பச்சை விளக்கால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்று சொல்லி விற்கும் வாட்சுகளை நம்பாதீர்கள். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில், விழுந்தால் செய்தி அனுப்பும் வசதி உள்ள வாட்ச் கொடுத்த காசுக்குத் தகும், தினமும் சார்ஜ் போட ஆள் இருந்தால். தினமும் ஓடுபவருக்கும் தகும். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கு வேண்டாம், பெரும்பாலான தேர்வுக்கூடங்களில் வாசலிலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், புதியதை வாங்கிவிட்டுப் பழைய வாட்சை மேசை டிராயரில் போட்டு வைப்பவர்கள் அதன் செல்லைக் கழற்றி வையுங்கள். தீர்ந்துபோன செல் உள்ளேயே கசிந்தால் சர்க்யூட் அரித்துப்போகும். செல்லை எடுத்துவிட்டால் பத்து வருடம் கழித்துப் புதிய செல் போட்டாலும் அது மறுபடி ஓட நல்ல வாய்ப்பு உண்டு.