போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தளருமா?

முன் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, வானின் முன்பக்கத்தைப் பதித்து (உயரத்தைக் குறைத்து)க் கொடுக்கும்போது "ஸ்பிரிங்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணியிருக்கு, இனி மெத்தென்று ஓடும்" என்று சொல்வதை யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் கேட்கலாம். வான் பதிவது சரி. ஸ்பிரிங் லூஸாகிறது என்பது மட்டும் பிழை, அதை நம்பி ஓடினால் ரயரும் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்ஷும்தான் முதலில் போகும்.

இந்த வேலைக்குப் பெயர்போன கார் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கோர்வெட். 1997 முதல் 2013 வரை வந்த இரண்டு தலைமுறைகளிலும் சுருள் ஸ்பிரிங் கிடையாது, கண்ணாடி நார் கலந்து செய்த ஒரு பட்டை ஸ்பிரிங் முன்னால் குறுக்காகவும் இன்னொன்று பின்னால் குறுக்காகவும் கிடக்கும். பட்டையின் ஒவ்வொரு முனையிலும், உயரத்தைச் சரிசெய்ய கொம்பனியே ஒரு போல்ட் போட்டு அனுப்பியிருக்கிறது. முன்பக்கத்தில் அந்தப் போல்ட் சில்லைத் தாங்கும் கீழ்ப்பக்கக் கையை அழுத்தி நிற்பதால், வெளியே நீட்டி நிற்கும் அதன் நீளத்தைக் குறைத்தால் கார் பதியும். பின்பக்கத்தில் போல்ட் சில்லுத் தாங்கியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பதால் அங்கே நீளத்தைக் கூட்ட வேண்டும். எந்தச் சாமானும் வாங்காமல் வீட்டிலேயே காரை இறக்கலாம் என்பது இதனால்தான்.

கோர்வெட்டை இங்கே யாரும் பெரிதாகக் காணப்போவதில்லை, ஆனால் இதே தத்துவம் நம் தெருவில் ஓடும் டொயோட்டா ஹையேஸ் வானின் அடியில் இருக்கிறது. அதன் முன்சில்லுகளைத் தாங்குவது முறுக்குக் கம்பி, அதாவது வானின் நீளவாக்கில் கிடக்கும் ஓர் உருக்குக் கம்பி. ஒரு முனை சில்லின் கையோடு சேர்ந்து திரும்பும், மறுமுனையை ஒரு நெம்புகையும் போல்ட்டும் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும். சில்லு மேலே எழும்போது கம்பி ஈரத் துவாயைப் பிழிவது மாதிரி முறுகி, திரும்பத் தன் நிலைக்கு வரப் பார்க்கும். நம்மூரில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனரின் முன்பக்கமும் முறுக்குக் கம்பிதான், அதில் உயரத்தை மாற்ற கம்பி முனையின் பற்களை இடம் மாற்றிப் பூட்ட வேண்டும்.

சரி, போல்ட்டைத் தளர்த்தினால் கம்பிக்கு என்ன நடக்கிறது? அந்தச் சில்லின் மேல் 350 கிலோ பாரம் இருக்கிறது என்று வையுங்கள். தளர்த்த முன்னும் 350, தளர்த்திய பின்னும் 350. பாரம் மாறாவிட்டால் அதைத் தாங்கத் தேவையான முறுக்கமும் மாறாது. கம்பியின் விறைப்பைத் தீர்மானிப்பவை அதன் தடிப்பு, நீளம், உலோகம் ஆகிய மூன்றுமே, போல்ட்டுக்கு அதில் பங்கே இல்லை. முறுக்கம் எந்தக் கோணத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டுமே போல்ட் மாற்றுகிறது. கம்பி அதே அளவு முறுகி நிற்கும், வான் மட்டும் பதிந்து நிற்கும்.

ஆனால் சில்லு மேலே எழ இருந்த இடைவெளி குறைந்துவிட்டது. 70 மி.மீ. இருந்ததில் 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 40 மி.மீ. தான், அதே விறைப்புள்ள ஸ்பிரிங் அதற்குள் அதிர்ச்சி முழுவதையும் வாங்க வேண்டும். முடியாதபோது சில்லின் கை போய் ரப்பர் முட்டுக்கட்டையில் இடிக்கும், அந்தக் கணத்தில் விறைப்பு பல மடங்காகும். "இறக்கியதும் வான் கட்டியாகிவிட்டது" என்று பலர் சொல்வது இந்த இடியைத்தான். ஏ9 மாதிரி காபட் வீதியில் தெரியாது, உள் ஒழுங்கைகளின் வேகத்தடையிலும் மதகடியிலும் நன்றாகத் தெரியும். வளைவில் சாய்ந்து போகும்போது இடித்தால் அந்தச் சில்லின் பிடிப்பு திடீரென்று மாறுகிறது, எனக்குப் பயமான இடம் இதுதான்.

லாபம் இல்லையா என்றால், இருக்கிறது. வளைவில் உள்சில்லிலிருந்து வெளிச்சில்லுக்கு மாறும் பாரம் புவியீர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதம், 450 மி.மீ. உயரத்தில் உள்ள மையத்தை 25 மி.மீ. இறக்கினால் அந்தப் பாரமாற்றம் ஏறத்தாழ 5.5 சதவீதம் குறையும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பெறுமதியானது. ஆட்களை ஏற்றி இறக்கும் வானுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

செய்வதென்றே முடிவெடுத்தால் சீமெந்துத் தரையில் செய்யுங்கள், முற்றத்து மணலில் ஜக் புதையும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். சில்லைத் தொங்கவிட்டால் கம்பியின் முறுக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும், போல்ட்டும் இலேசாகத் திரும்பும். முதலில் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள், தரையிலிருந்து அளந்தால் ரயர் காற்றின் வித்தியாசமும் சேர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் பாரம் மூலைவிட்டமாக இடம் மாறும். ஜக்கை இறக்கியவுடனே அளந்தால் அளவு பிழையாக வரும், ரயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வாகனத்தை முன்னும் பின்னும் உருட்டி அமரவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். உயரம் மாறியதும் சில்லின் சாய்வும் டோவும் (சில்லின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், அன்றைக்கே வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் ரயரின் ஓரம் தேய்ந்துவிடும்.

ஹையேஸின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், அங்கே திருப்ப இப்படி ஒரு போல்ட் இல்லை. அதனால் சிலர் கட்டை வைத்து இறக்குகிறார்கள். பல ஹையேஸ்களில் பின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின்பக்கம் பதிந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, வெறும் வானிலும் அழுத்தத்தைக் கூட்டிவிடும். மழை வீதியில் பின்சில்லு முதலில் பூட்டிக்கொண்டால் வான் சுழன்றுவிடும். பின்னால் கை வைப்பவர்கள் அந்த வால்வின் இணைப்புக் கம்பியையும் சேர்த்துச் சரிசெய்யாமல் வானை வெளியே எடுக்கக் கூடாது.