கிரீப் என்றால் ஊர்வு, ஊறு அல்ல

தடா, கும்மிடிப்பூண்டி பக்கத்து வொர்க்‌ஷாப்புகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு ஓடும். சூட்டில் உலோகம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போவதைக் குறிக்கும் ‘கிரீப்’ (creep) மட்டும் இரண்டு மொழியிலும் கிரீப்தான். அனல் மின் நிலையக் கொதிகலனுக்கு எந்தக் குழாய் போடுவது என்ற கேள்வி கடைசியில் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கும்.

எஃகுக் கம்பியில் அளவான எடையைத் தொங்கவிட்டால் கொஞ்சம் நீளும், எடையை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே கம்பி 550 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொங்கினால் எடை கூடாமலே வருடக்கணக்கில் நீண்டுகொண்டிருக்கும், திரும்பி வராது. தொடக்கத்தில் வேகம் குறையும், நெடுங்காலம் சீராகப் போகும், முடிவில் வேகமெடுத்து அறும். குழாயில் எடையின் வேலையை உள்ளே இருக்கும் நீராவி அழுத்தம் செய்கிறது. குழாய் மெல்ல உப்பி ஒருநாள் வாய் பிளக்கும். ஈயத்துக்கு இவ்வளவு சூடெல்லாம் வேண்டாம், அறை வெப்பமே போதும். 1910-இல் இயற்பியலாளர் ஆண்ட்ரேட் இதை ஆராய்ந்தபோது ஈயக் கம்பியையும் எடுத்துக்கொண்டார்.

‘கிரீப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் தரையோடு ஒட்டி நகர்வதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினை. நமக்கு அதற்கு ‘ஊர்’ இருக்கிறது: ஊர்வன, எறும்பு ஊரக் கல்லும் தேயும். அதனால் ஊர்வு. ‘நீட்சி’ என்று சொல்லலாமே என்றால், அது எல்லா நீளுதலுக்கும் பொது, காலம் அதில் இல்லை. எல்லைப் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய தெலுங்கில் றகரம் இல்லை, நம் ஊறுகாய் அங்கே ஊரகாய. ஆகவே தெலுங்குக் காதுக்கு ஊர்வும் ஊறலும் ஒன்றாகக் கேட்கலாம். எழுதும்போதாவது ‘ர்’ போடுவோம்.

அரிசி ஆலைக் கொதிகலனில் இந்தக் கவலை கிடையாது. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய 184 டிகிரிதான், சாதாரணக் கார்பன் எஃகே தாங்கும். அது 425 டிகிரியைத் தாண்டும்போதுதான் தள்ளாடத் தொடங்கும். அப்புறம் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த டி22 என்ற எஃகு வகை, அதற்கு மேல் டி91 வகை, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர் ஹீட்டரின் இன்னும் சூடான பகுதிக்கு நிக்கல் கலந்த 347 வகைத் துருப்பிடிக்காத எஃகு.

குரோமியம் அதிகமிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாக, சூட்டில் எஃகின் மேற்பரப்பு ஆக்சைடாகிச் செதில் பிடிப்பதைத்தான் தடுக்கும். டி9, டி91 இரண்டிலும் குரோமியம் சுமார் 9 சதவீதமே. டி91-இல் கூடுதலாக 0.2 சதவீத அளவு வனேடியமும் 0.1-க்கும் குறைவான நையோபியமும், துளி நைட்ரஜனும் உண்டு. இவை நுண்துகள்களாகப் படிந்து ஊர்வுக்குத் தடை போடுகின்றன. இவ்வளவு சின்ன அளவுதான், ஆனால் ஊர்வு வலிமையில் பெரிய வித்தியாசம். வெல்டிங்குக்குப் பின் வெப்பப் பதப்படுத்தலில் கோட்டைவிட்டால் அந்த ஆதாயமும் போச்சு.

வெப்பக் கணக்கு இன்னும் கறாரானது. 1952-இல் லார்சனும் மில்லரும் தந்த, ஊர்வு ஆயுளைக் கணிக்கும் சூத்திரத்தில், வழக்கமான மாறிலி 20-ஐ வைத்துப் போட்டால், 550 டிகிரியில் 1,00,000 மணிநேரம் வரக்கூடிய குழாய் 560-இல் சுமார் 50,000 மணிநேரமே வரும். ஆர்டரில் ‘ஊர்வு முறிவு வலிமை’ (ஊர்ந்து அறும்வரை தாங்கும் வலிமை) என்று எழுதினால் எத்தனை டிகிரிக்கு, எத்தனை மணிநேரத்துக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.