வாசலை மறித்து நிற்கும் வண்டி: வேலூரில் யாரிடம் புகார் கொடுப்பது?

தெருவை மறித்து வண்டி நிற்கிறது என்றதும் பலரும் முதலில் வார்டு கவுன்சிலருக்குத்தான் போன் செய்கிறார்கள். அவர் டிராஃபிக் போலீசிடம் சொல்லுங்கள் என்பார், ஸ்டேஷனில் கேட்டால் அது மாநகராட்சி ரோடு என்பார்கள், அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். எந்தப் புகார் எந்த அலுவலகத்துக்கு உரியது என்று தெரிந்துகொண்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம்.

ஓடுகிற நிலையில் உள்ள வண்டி என்றால் அது போலீஸ் வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆம் பிரிவுப்படி, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுப் போகக்கூடாது. 127-ஆம் பிரிவு இன்னும் உதவியானது: பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் கிடக்கும் வண்டியையும், தடை உள்ள இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துப் போகவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி உத்தரவிடலாம், செலவு வண்டிக்காரருடையது. விதி மீறி நிறுத்தினால் பொதுவாக முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் என்றால் 1,500 ரூபாய் அபராதம். உயர்த்தப்பட்ட இந்தத் தொகை தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

வீட்டு கேட்டை மறித்து நிறுத்துவதும், நடைபாதையில் நிறுத்துவதும் 2017-இல் வந்த ஓட்டுநர் விதிமுறைகளிலேயே தடை செய்யப்பட்டவை. கேட்டில் 'நோ பார்க்கிங்' போர்டு மாட்டாவிட்டாலும் இந்தத் தடை உண்டு. ஆனால் கேட்டைத் தாண்டி, உங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டிய ரோடு உங்களுடையது இல்லை. அங்கே கல்லையும் பூந்தொட்டியையும் வைத்து இடம் பிடிப்பதுதான் ஆக்கிரமிப்பு. புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் அதை எடுத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் பேச்சு அங்கேயே திரும்பிவிடும்.

மாநகராட்சிக்கு எதைக் கொண்டுபோகலாம்? டயர் இறங்கி மாதக்கணக்கில் துருப்பிடித்துக் கிடக்கும் கார், ரோட்டை விழுங்கும் இரும்பு சாய்தளம், பழுதுக்கு வந்த வண்டிகளைத் தெருவிலேயே பிரித்துப் போடும் மெக்கானிக் கடை, இவையெல்லாம் அங்கே போக வேண்டியவை. தள்ளுவண்டிக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்த்து எழுதாதீர்கள். அவர்களுக்கு 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் தனியாக இருக்கிறது, நினைத்த நேரத்தில் அப்புறப்படுத்த முடியாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, வணிகக் கட்டடங்களின் வண்டி நிறுத்துமிடம். திட்ட அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிவிட்டு, கட்டி முடித்ததும் அதையே குடோனாகவோ கடையாகவோ மாற்றிவிட்டால் வாடிக்கையாளர் வண்டிகள் எல்லாம் பக்கத்துத் தெருவுக்குத்தான் வரும். வண்டிக்காரரிடம் தினமும் சண்டை போடுவதைவிட இதைப் பிடிப்பதே சரி. அந்தக் கட்டடத்தில் எத்தனை வண்டிகளுக்கு இடம் காட்டி அனுமதி வாங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சியிடம் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிலோடு, பார்க்கிங் இடம் இப்போது எப்படி இருக்கிறது என்ற போட்டோவையும் இணைத்துப் புகார் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

லாங்கு பஜார், மண்டித் தெரு பக்கம் நிலைமை வேறு. அங்கே சரக்கு இறக்காமல் வியாபாரம் இல்லை, அதனால் லோடு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு கேட்பதே நடக்கக்கூடியது. ஆற்காடு சாலையை ஒட்டிய தெருக்களில் வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களின் வண்டிகள் நிறைய. முதலில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், பாவம், ஊர் தெரியாதவர்கள்.

புகாரில் தெருப் பெயர், வார்டு எண், வண்டி எண், தேதி, நேரம் இவற்றோடு, வண்டி நின்றபின் ரோட்டில் எத்தனை அடி மிச்சம் என்பதையும் அளந்து எழுதுங்கள். 108 ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ நுழைய முடியாது என்றால் அதைத்தான் முதல் வரியில் சொல்ல வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகளும் 4 மண்டலங்களாக இருப்பதால், மாநகராட்சிக்கான புகாரை உங்கள் மண்டல அலுவலகத்தில் கொடுத்தாலே போதும். புகார் நகரவில்லையா, முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து பதிவு எண் வாங்குங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

இதற்கும் அசையாத நிரந்தர இடைஞ்சல் என்றால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் வருவாய் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். பழைய சட்டத்தில் 133 என்று இருந்ததுதான் இது. பொதுவழித் தடையை அகற்றும்படி அவர் உத்தரவு போடலாம், எதிர்ப்பு இருந்தால் விசாரிப்பார். ஒருநாள் நின்ற காருக்கு இது பொருந்தாது. மாநகராட்சியிலும் ஸ்டேஷனிலும் சீல் வாங்கிய பிரதிகளை இந்த மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.