இஷிஹாரா அட்டையை ஏமாற்ற முடியுமா?

விமானிப் பயிற்சியில் சேர விரும்பும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மருத்துவப் பரிசோதனைக்குத் தயாராகிறேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதுமா?"

போதாது. காரணத்தைச் சொல்லுமுன் மற்றத் தயாரிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். தூக்கக் குறைவும் கிளம்பும்போது குடித்த காபியும் ரத்த அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். செவித்திறன் சோதனை இருப்பதால் முந்தைய நாள் பேரிரைச்சலைத் தவிருங்கள். உரத்த ஓசையில் நனைந்த காது சிறிது நேரம் மந்தமாகிவிடும். கண்ணாடி அணிவது தடையல்ல. கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் வணிக விமானிகளுக்கான கிளாஸ் 1 சான்றிதழுக்குச் சர்வதேச விதி இடம் தருகிறது. உட்கொள்ளும் மருந்துகளையும் பழைய அறுவைச் சிகிச்சைகளையும் மறைக்கவே மறைக்காதீர்கள்.

இனி அந்தப் புள்ளிப் படங்களுக்கு வருவோம். நிறப்பார்வைக் குறைபாட்டைக் கண்டறிய ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டவை அவை. முழுத் தொகுப்பில் 38 அட்டைகள் உண்டு.

விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருப்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். பச்சைக் கூம்பு சுமார் 530 நானோமீட்டர் அலைநீளத்திலும் சிவப்புக் கூம்பு சுமார் 560-லும் உச்சமாகத் தூண்டப்படுகின்றன. எவ்வளவு சிறிய இடைவெளி! இவ்விரண்டின் நிறமிப் புரதங்களும் ஏறத்தாழ 96 சதவீதம் ஒன்றேதான். அவற்றுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். அப்போது இந்த ஒத்த வரிசைகள் இடம் தவறிப் பொருந்தினால் ஒரு மரபணு விடுபட்டுப் போகலாம், அல்லது இரண்டும் கலந்து ஒன்றாகலாம். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்; ஈடுசெய்ய இன்னொன்று இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சைக் குறைபாடு இருப்பதும், பெண்களில் அது அரை சதவீதம் அளவிலேயே நிற்பதும் இதனால்தான்.

ஒரு கூம்பு தனியாக நிறம் சொல்லாது. சிவப்புக் கூம்பின் தூண்டலுக்கும் பச்சைக் கூம்பின் தூண்டலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் நரம்பு மண்டலம் சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறது. நீலம்-மஞ்சளுக்கு வேறொரு கணக்கு. இஷிஹாரா செய்தது என்ன? புள்ளிகளின் அளவையும் வெளிச்சத்தையும் தாறுமாறாகக் கலைத்துவிட்டார். விளிம்பைப் பார்த்தோ, கருமை வெளுமையைப் பார்த்தோ எண்ணை ஊகிக்க வழியில்லை. எஞ்சிய ஒரே துப்பு நிறம்.

அதிலும் ஓர் அட்டையில் இயல்பான கண் 74 என்று படிக்கும். குறைபாடுள்ள கண் 21 என்று படிக்கும். ஒரே புள்ளிகள்தான். சிவப்பு-பச்சை வித்தியாசத்தால் சேர்ந்தால் ஓர் எண், நீலம்-மஞ்சள் வித்தியாசத்தால் சேர்ந்தால் இன்னோர் எண்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை 18 முதல் 21 வரையிலான அட்டைகள். இயல்பான கண்ணுக்கு அவற்றில் எதுவும் தெரியாது. குறைபாடுள்ளவர்களில் பலர் சட்டென்று எண்ணைச் சொல்லிவிடுவார்கள்! எண் நீலம்-மஞ்சள் வித்தியாசத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதன்மேல் சிவப்பு-பச்சைக் கலவரம் தூவப்பட்டிருக்கிறது. அந்தக் கலவரம் நம்மைத் திசைதிருப்புகிறது. அதைக் காணாத கண்ணுக்கோ எண் தெளிவாக நிற்கிறது. நூறாண்டுக்கு முன் ஒருவர் வெறும் வண்ணங்களைக் கொண்டு இப்படியொரு கருவியைச் செய்தார் என்பது இன்றும் என்னைப் பரவசப்படுத்துகிறது.

மனப்பாடத்துக்கு வருவோம். பரிசோதகர் அட்டைகளின் வரிசையை மாற்றுவார். புள்ளிக் குவியலில் எந்த எண்ணும் தெரியாத ஒருவருக்குத் தன் முன் இருப்பது எந்த அட்டை என்றே தெரியாது. பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கொளியில் சோதிக்க வேண்டும் என்பதும் விதி, ஏனெனில் மஞ்சள் பல்பின் ஒளியில் குறைபாடுள்ள சிலர் தேறிவிடக்கூடும். ஒரு கண்ணில் மட்டும் அணியும் சிவப்பு லென்ஸும் இப்படித்தான்: நிற வித்தியாசத்தை வெளிச்ச வித்தியாசமாக மாற்றி எண்ணைக் காட்டிக்கொடுக்கும், இல்லாத கூம்பைத் தராது. ஆகவே சோதனையில் அதற்கு அனுமதி கிடையாது.

இந்தக் கண்டிப்பு தேவையா? தரையிறங்கும்போது ஓடுபாதையோரம் நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. 2002-இல் அமெரிக்காவின் டல்லஹாசியில் ஒரு போயிங் 727 சரக்கு விமானம் ஓடுபாதையைத் தொடுமுன்பே தரையில் மோதியது. துணை விமானியின் நிறப்பார்வைக் குறைபாட்டையும் காரணங்களுள் ஒன்றாக விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

சொட்டு மருந்தாலும் கண் பயிற்சியாலும் இதைக் குணப்படுத்துவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இல்லாத மரபணுவைச் சொட்டு மருந்து எழுதித் தராது. மரபணுவையே செலுத்தினால்? 2009-இல் அணில் குரங்குகளிடம் அது பலித்தது. பிறவியிலேயே பிரித்தறியாத சிவப்பையும் பச்சையையும் அவை வளர்ந்த பிறகு பிரித்தறிந்தன. மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாக வரவில்லை. குரங்குகளிடம் கிடைத்த அந்த வெற்றிக்கு அடித்தளம் 1986-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெரமி நேதன்ஸின் குழு இந்த மரபணுக்களைப் பிரித்தெடுத்த ஆய்வு. உடனடிப் பயன் கேட்டு நிதியை நிறுத்துபவர்கள் இந்த 23 ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு: அட்டையில் தவறினால் கதை முடிந்துவிடாது. விளக்குச் சோதனையோ கணினிச் சோதனையோ உண்டு. விமான விளக்குகளின் நிறங்களைப் பிழையின்றிச் சொல்பவர் தகுதி பெறலாம். அதிலும் தவறினால், வணிகமின்றித் தனிப்பட்ட முறையில் பறப்பவர்களுக்கான கிளாஸ் 2 சான்றிதழில் பகலில் மட்டும் பறக்கும் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கச் சர்வதேசப் பரிந்துரை வழிவிடுகிறது. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கிளாஸ் 1 பரிசோதனையை முடித்துவிடுங்கள்.