குப்பைமேடு, நிலநிரப்பு, கிடங்கு: ஒரு சொல் விளக்கம்

இலங்கையில் குப்பை கொட்டும் ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று பெயர்கள் உண்டு. பக்கத்தில் குடியிருப்பவர்கள் குப்பைமேடு என்பார்கள். சிங்களத்தில் அது 'குணு கந்த', அதாவது குப்பை மலை. திட்ட அறிக்கைக்குள் போனதும் அதுவே 'நிலநிரப்பு' ஆகிவிடும். இந்த மூன்றாவது பெயர் 'லேண்ட்ஃபில்' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. அது எங்கிருந்து வந்தது, ஒரு தீவில் அதற்கு என்ன பொருள், தமிழில் எதைச் சொன்னால் சரியாக இருக்கும் என்று பார்ப்போம்.

முதலில் குப்பை. குவி என்ற வினையோடு உறவுடைய சொல் இது. குவியல், குவை, குப்பல் எல்லாம் ஒரே குடும்பம். பழைய பொருள் வெறும் குவியல்தான். அழுக்கும் நாற்றமும் பிற்பாடு சேர்ந்தவை. நற்றிணை 331ஆம் பாட்டில் உப்பு விளைவிப்பவர்கள் வாங்க வரும் உமணரை எதிர்பார்த்துக் கானலில் உப்பைக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலுக்குப் பாட்டில் பெயர் 'காவற் குப்பை'. நெய்தல் நிலத்துப் பெண்கள் தோழிகளோடு அதன்மேல் ஏறி நின்று, இது எங்கப்பன் திமில் (மீன்பிடிப் படகு), அது உங்கப்பன் திமில் என்று கடலைப் பார்த்து எண்ணுகிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. உழவர் பேச்சில் வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எருவை வண்டியில் கொண்டுபோய்க் கொட்டுவது. இப்படிப் பார்த்தால் உப்பு, நெல், எரு என்று பயன்படப்போகும் பொருளின் குவியலுக்கே இந்தச் சொல் நெடுங்காலம் நின்றிருக்கிறது. வீடு கூட்டிக் குவித்ததற்கும் அதே பெயர் வந்து, கடைசியில் அந்தப் பொருளே மேலோங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் 'கஞ்சல்' என்ற சொல்லையும் சேர்த்துக் 'குப்பை கஞ்சல்' என்பது வழக்கம்.

கழிவு என்பது கழி என்பதிலிருந்து வருவது. வேண்டியதை எடுத்துக்கொண்டபின் நீங்கியது. கடைக்காரர் தரும் 'விலைக்கழிவு' என்பதிலும் அதே சொல்தான். சட்டத்திலும் அலுவலகத்திலும் இது வசதியாக இருக்கிறது. திடக்கழிவு மேலாண்மை என்று தமிழ்நாட்டில் சொல்வதை இலங்கையில் திண்மக் கழிவு முகாமைத்துவம் என்கிறோம்.

சரி, லேண்ட்ஃபில். பள்ளத்தையும் சதுப்பையும் குப்பை போட்டு நிரப்பி நிலமாக்குவது நகரங்களின் பழைய வழக்கம். அந்தச் சொல்லில் 'நிரப்புதல்' வந்து ஒட்டிக்கொண்டது இப்படித்தான். 1937இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் அதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. அகழி வெட்டு, குப்பையைக் கொட்டி இறுக்கு, அன்றன்றைக்கே மண் போட்டு மூடு. இதற்குச் 'சானிட்டரி லேண்ட்ஃபில்' என்று பெயர். இன்றைய முறையில் அடியில் நீர் புகாத விரிப்பு வேண்டும், குப்பையிலிருந்து ஊறிவரும் கறுப்பு நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் குழாய்கள் வேண்டும், உள்ளே உருவாகும் மீத்தேன் வெளியேற வழி வேண்டும். இவை அனைத்தும் இருந்தால்தான் 'சுகாதார நிலநிரப்பு' என்ற பெயர் பொருந்தும். கொரிய உதவியோடு தொம்பேயில் அமைந்ததே இலங்கையின் முதலாவது சுகாதார நிலநிரப்பு. அது 2015இல்தான் திறக்கப்பட்டது.

அதுவரை கொழும்பு செய்துவந்தது சதுப்பில் கொட்டுவதுதான். புளூமெண்டால் குப்பைமேடு 2009இல் மூடப்பட, லாரிகள் கொலன்னாவைப் பக்கம், மீதொட்டமுல்லவுக்குத் திரும்பின. தற்காலிகம் என்று தொடங்கிய இடம் அது. பள்ளம் நிரம்பிய பிறகும் லாரிகள் நிற்கவில்லை. குப்பை மேலே எழுந்தது, சுற்றியிருந்த வீடுகளை நோக்கிப் பரந்தது. செய்திகள் அதன் உயரத்தை 300 அடி என்று எழுதின. அங்கே குடியிருந்தவர்கள் வருடக்கணக்காக ஆர்ப்பாட்டம் செய்தார்கள், மனு கொடுத்தார்கள், வழக்கும் போட்டார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று மேடு சரிந்தது. வீடுகளில் இருந்த 30க்கும் மேற்பட்டவர்கள் புதைந்து இறந்தார்கள்.

ஏன் சரிந்தது என்பது மறைபொருள் ஒன்றுமில்லை. நம் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலைதழையும். அவை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. மழை நீர் உள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் தங்குகிறது. மேட்டின் எடை கூடுகிறது, உட்பிடி தளர்கிறது. அடியில் இருப்பதோ சதுப்பின் மென்மண். எத்தனை டொன் ஏற்றினாலும் தாங்கும் என்று யாரும் கணக்குப் பார்த்துக் கட்டிய இடம் அல்ல அது. 'நிலநிரப்பு' என்ற பெயரை இதற்கு வைக்கக்கூடாது என்று நான் உறுதியாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். நிரப்பு என்றால் ஒரு விளிம்பு இருக்க வேண்டும். நிரம்பியதும் நிறுத்த வேண்டும். மீதொட்டமுல்லவில் விளிம்பும் இருக்கவில்லை, நிறுத்தமும் இருக்கவில்லை.

சரிவுக்குப் பிறகு சில நாட்களிலேயே, கழிவகற்றலை அத்தியாவசிய சேவையாக்கும் விசேட வர்த்தமானி வந்தது. குப்பை சேகரிப்பதையோ கொட்டுவதையோ தடுப்பது குற்றமானது. கொழும்பின் குப்பை தங்கள் ஊருக்கு வரக்கூடாது என்று வேறு ஊர்க்காரர்கள் வீதிக்கு இறங்கிய நேரம் அது. கொட்ட இடமில்லாமல் தவித்த அரசு, மறிப்பவர்களைத் தண்டிக்கச் சட்டத்தைக் கையிலெடுத்தது. சரிவில் வீடிழந்தவர்களின் கண்ணீர் காயுமுன்னே நடந்தது இது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அடுத்த முகவரி புத்தளம். கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி, வனாத்தவில்லுப் பக்கத்தில், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தெடுத்த குழிகள் இருக்கும் இடம் அருவக்காடு. அங்கே விரிப்பும் குழாயும் கொண்ட உண்மையான சுகாதார நிலநிரப்பு அமைத்து, கொழும்புக் குப்பையை ரயிலில் கொண்டுபோவது திட்டம். பொறியியல் கண்ணால் பார்த்தால் குறை சொல்ல அவ்வளவு இல்லை. குழி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் புத்தளத்து மக்கள் 2018இலும் 2019இலும் மாதக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் சொன்னது எளிமையானது: சீமெந்துத் தூசு எங்களுக்கு, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் எங்களுக்கு, இப்போது தலைநகரத்தின் குப்பையுமா? 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாக வந்து குடியேறிய மாவட்டமும் அதுதான். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, இன்னொரு பக்கம் வில்பத்து தேசியப் பூங்கா. எதிர்ப்புக்கு நடுவிலேயே 2019இல் குப்பை அங்கே போகத் தொடங்கியது.

கொழும்பு மட்டும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாண மாநகர சபையின் குப்பை கல்லுண்டாயில் போய் விழுகிறது. அது எரியும்போது புகையைச் சுவாசிப்பவர்கள் பக்கத்துக் குடியிருப்பு மக்கள். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானைகள் வந்து பிளாஸ்டிக்கைத் தின்று செத்துக்கொண்டிருக்கின்றன. எங்கே பார்த்தாலும் குப்பையை உண்டாக்குபவர் ஓரிடத்திலும் சுமப்பவர் வேறிடத்திலும் இருக்கிறார்கள். வாக்கு அதிகமுள்ள இடத்திலிருந்து வாக்கு குறைந்த இடத்துக்கு அது நகர்கிறது.

பெரிய தேசத்தில் இந்த நகர்வுக்குத் தூரம் கிடைக்கும். தீவில் கடற்கரையோடு தூரம் முடிந்துவிடுகிறது. சிங்கப்பூர் தன் குப்பையை எரித்து, சாம்பலைச் செமாக்காவ் என்ற கடல் நிரப்பில் 1999 முதல் கொட்டுகிறது. அதுவும் 2035 அளவில் நிரம்பும் என்று அந்த அரசே சொல்கிறது. இலங்கையும் 2021இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் ஆலையைத் தொடங்கியது. அப்புறம், தன் குப்பைக்கே இடமில்லாத இந்தத் தீவுக்குப் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் கழிவு வந்து சேர்ந்ததையும் மறக்கக்கூடாது. வழக்குப் போட்டு, 2020இலிருந்து 2022க்குள் அவற்றைத் திருப்பி அனுப்பினோம்.

இனி, சரியான தமிழ்ச்சொல். தமிழ்நாட்டில் 'குப்பைக் கிடங்கு' என்பது பரவலான வழக்கு. கிடங்கு என்றால் சாமான் சேர்த்துவைக்கும் இடம், குப்பைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்பதுண்டு. ஆனால் கிடங்கின் பழைய பொருள் அகழி, ஆழமான பள்ளம். கோட்டையைச் சுற்றி வெட்டியதும் கிடங்குதான். சேமிப்பறை என்ற பொருள் அதற்குப் பக்கத்திலேயே வளர்ந்தது; ஆங்கிலத்தின் 'கோடவுன்' மலாய் வழியாக இந்தச் சொல்லிலிருந்தோ இதன் தெலுங்கு உறவிலிருந்தோ போனதாகக் கருதப்படுகிறது. ஈழத்துப் பேச்சில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'கிடங்கு வெட்டு' என்றால் குழி வெட்டு என்றுதான் அர்த்தம். வளவின் மூலையில் இடுப்பளவு ஆழத்தில் கிடங்கு வெட்டி, கூட்டிய சருகையும் அடுப்புச் சாம்பலையும் மரக்கறித் தோலையும் போட்டு, நாற்றம் வராமல் மேலே மண் தள்ளுவார்கள். நிரம்பினால் மூடி, பக்கத்தில் இன்னொன்று. மூடிய இடத்தில் ஒரு வாழைக்குட்டி. ஃபிரெஸ்னோவில் 1937இல் செய்ததன் சாரம் இந்த வளவு மூலையிலும் இருக்கிறது: வெட்டு, போடு, மூடு.

ஆகவே என் பரிந்துரை இது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வெளியில் குவித்திருப்பது குப்பைமேடு. மீதொட்டமுல்ல, கல்லுண்டாய், பள்ளக்காடு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே சரி. அடியில் விரிப்பும் ஊறல்நீர்க் குழாயும் வாயு வழியும் அன்றாட மண்மூடலும் உள்ள இடத்தைக் 'கழிவுப் புதைகிடங்கு' என்று சொல்லலாம். நிலநிரப்பு என்பது சதுப்பையோ கடலையோ மேடாக்கி நிலம் எடுக்கும் வேலைக்கு இருக்கட்டும். அடுத்தமுறை ஒரு சபை உங்கள் ஊரில் நிலநிரப்பு அமைக்கப்போவதாக அறிவித்தால், விரிப்பு உண்டா, ஊறல்நீர் எங்கே போகும், எத்தனை டொன்னில் மூடுவீர்கள், மூடும் தேதியை எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள்.