மறுநிரலாக்கமா, மடைமாற்றமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, எல்லைப் பாதுகாப்புக்கு நிதியை மறுநிரலாக்கம் செஞ்சாங்களாம். கம்ப்யூட்டர்ல ஏதும் கோளாறா?"

அமெரிக்க எல்லைச் சுவர் பற்றிய பழைய கட்டுரை. அந்தச் சொல் கண்ணில் படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிராணி கேட்டதில் தப்பே இல்லை.

நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணி படித்தவர்களுக்குத் தெரியும். கணினி வந்ததும் 'புரோகிராம்' என்பதற்கு அதை எடுத்துக்கொண்டோம், பொருந்திவிட்டது. ஆனால் அமெரிக்க அரசுக் கணக்கில் 'ரீபுரோகிராமிங்' என்றால் ஒரே ஒதுக்கீட்டுத் தலைப்புக்குள் ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்துக்குக் கொடுப்பது. தலைப்பு விட்டுத் தலைப்பு போனால் 'டிரான்ஸ்ஃபர்'. இதில் நிரல் எங்கே வந்தது?

2019-இல் நடந்ததைப் பாருங்கள். எல்லைத் தடுப்புக்கு நாடாளுமன்றம் கொடுத்தது 1.375 பில்லியன் டாலர். போதாது என்று அதிபர் டிரம்ப் பிப்ரவரி 15-இல் தேசிய அவசரநிலையை அறிவித்தார். (1948-இல் இந்த ஊர்த் தோட்டங்களில் துரைமார்கள் சுடப்பட்ட பிறகு வந்த அவசரகாலத்தைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, சுவர் கட்ட அவசரநிலை என்பதே விசித்திரம்.) இராணுவக் கட்டுமான நிதியிலிருந்து 3.6 பில்லியன் சுவருக்குப் போனது. அதனால் 127 கட்டுமானத் திட்டங்கள் காத்துக் கிடந்தன. கென்டக்கியில் ஃபோர்ட் கேம்பெல் முகாமின் பள்ளிக்கூடமும் அவற்றில் ஒன்று.

சிலர் 'நிதியைத் திசைதிருப்பினார்' என்று எழுதுகிறார்கள். திசைதிருப்புவது கவனத்தை, அதில் ஏமாற்று வாடை அடிக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் 'கையாடல்' என்றே போட்டுவிட்டார்கள். அது திருட்டு. சுவருக்கென எடுத்த இன்னொரு 2.5 பில்லியன் தற்காப்பு நிதியை, அதை எதிர்த்த வழக்கு முடியும்வரை செலவிடலாம் என்று அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று விட்டது. நீதிபதிகளே ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்து நிற்கும்போது மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதக் கூடாது.

என் சொல் மடைமாற்றம். ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறோம். தண்ணீர் அதே தண்ணீர், வயல்தான் வேறு. கடைமடை காயும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'தோட்டத்தில் ஏது மடை, நமக்குத் தெரிந்தது கான்தானே' என்று நண்பர் ஒருவர் மடக்கினார். கான் வெட்டுவது தண்ணீரை வெளியேற்ற, மடை திறப்பது பாய்ச்ச. செம்பனைக் காட்டில் பிறந்ததற்காக நெல்வயல் சொல்லை இழக்க வேண்டுமா?

சட்ட ஆவணம் என்றால் 'ஒதுக்கீட்டு மாற்றம்' போதும். மலாயில் 'பிண்டா பெருந்துக்கான்' (ஒதுக்கீட்டை இடம் மாற்றுதல்) என்கிறார்கள். இரண்டே சொல், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நம்மவர்களோ அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து 'மறு' ஒட்டி 'ஆக்கம்' தைத்து அனுப்பிவிடுகிறார்கள். பணம் எங்கிருந்து எங்கே போனது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

கிராணியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நம்ம தோட்டக் கோயில்ல கூரைக்கு வசூல் பண்ண காசை வேலிக்குப் போட்டாங்களே, அந்த மாதிரி" என்றேன்.

"ஓ, அதுவா!" என்றார். "கூரை இன்னும் ஒழுகுதுப்பா."